என்னை பஸ்ஸிலிருந்து இழுத்துப்போட்டது தொடர்பாக

என் மனைவியின் ஒரே தம்பியும், தொலைவில் இருந்தபடியே எங்கள் குடும்பத்தை மேற்பார்வை பார்த்துவருபவருமான மச்சானுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கு நான், உன் அக்கா, அவளுடைய சக்கர நாற்காலி ஆகிய மூவரும் நலம். மூவரில் சிராய்ப்பு எனக்கு மட்டும்தான், அதுவும் இடது முழங்கையில், தோலளவில். அங்கு நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாகவே இருப்பீர்கள். நீ ஃபோனில் போட்ட சத்தத்தை வைத்துப் பார்த்தால் உன் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிகிறது. சந்தோஷம்.

அதற்குப் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. நீ பேச ஆரம்பித்தால் நடுவில் புகுந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இடம் கிடைப்பதில்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். உனக்கு யாரோ அனுப்பிய வீடியோவில் பஸ் புகை கக்குகிறது, உள்ளேயிருந்து உன் அக்கா கத்துகிறாள், ஒரு வயதான மனிதரைத் துணியில் போட்டு இரண்டு பேர் தரதரவென்று வெளியே இழுத்து வருகிறார்கள். எல்லாம் உண்மை. அந்த வயதான மனிதர் நான்தான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு நீ, "பஸ் தீப்பிடிச்சிருக்கு, அக்காவை உள்ளயே விட்டுட்டு நீங்க முதல்ல இறங்கியிருக்கீங்க" என்று சொன்னாயே, அதுதான் மனதில் தைத்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து அக்காவை உன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகவும், இனிமேல் அவளுக்கு வேலையும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம் என்றும் தீர்ப்பு வேறு சொல்லிவிட்டாய். பஸ் தீப்பிடிக்கவில்லை. நடந்தது ஒத்திகை. அதை நீ முழுதாகப் படித்துவிட்டுப் பிறகு காரை எடு.

ஒத்திகைக்கு முன்னால் நிஜமாகவே ஒரு புகை வந்தது. உன் இரத்த அழுத்தத்தை நினைத்து உன்னிடம் மறைத்துவிட்டோம். ஒரு நாள் காலை உன் அக்கா வழக்கம்போலத் தனியாக மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாதி வழியில் பஸ்ஸின் பின்பக்கத்தில் புகை கிளம்பியது. டிரைவர் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லாக் கதவையும் திறந்துவிட்டார். அது சரியான காரியம்தான். எல்லோரும் இறங்கிவிட்டார்கள், உன் அக்கா இறங்கவில்லை. நாற்காலி இறங்குவதற்கு நடுக் கதவில் ஒரு சரிவுப் பலகை இருக்கிறதே, அது மின்சாரத்தில் வேலை செய்வது. எஞ்சினை அணைத்தால் அதுவும் அசையாமல் படுத்துவிடும். கீழே நின்றவர்களுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஏகப்பட்ட இரக்கம். தூக்கலாமா, தூக்கினால் எங்கேயாவது எலும்பு முறிந்துவிடுமா, ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தூக்குவதுதான் முறையா என்று ஒரு சின்னக் கூட்டமே நடத்தியிருக்கிறார்கள். ஒருவர் ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் கொடுத்திருக்கிறார். அவர்கள் முடிவுக்கு வருவதற்குள் உன் அக்கா நாற்காலியிலிருந்து தரையில் இறங்கி, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து கதவுப் படிக்கு வந்துவிட்டாள். பிறகு பார்த்தால் கருகியது ஏதோ ஒரு பெல்ட். அவள் வேறு பஸ் பிடித்துப் போய், சாயங்காலம் வரை லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்திவிட்டு, வீட்டுக்கு வந்துதான் இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் புடவையில் தரை அழுக்கு அப்படியே இருந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மச்சான்.

பஸ் நிர்வாகத்துக்கும் சாப்பாடு இறங்கவில்லை போலிருக்கிறது. உடனே ஒரு விதி போட்டார்கள். பலகையைச் சரிசெய்வதாக இல்லை. சக்கர நாற்காலியில் வருபவர்கள் பாதுகாப்பை முன்னிட்டு இனி துணையோடுதான் பஸ்ஸில் ஏற வேண்டும் என்று. துணைக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்கு வேலை என்று எதுவும் இல்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் குஷிகூட இருந்தது. காலையில் அவளோடு பஸ்ஸில் போவது, நாள் பூராவும் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது, சாயங்காலம் திரும்புவது. சும்மா உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருந்ததால் வாடிக்கையாளர்களுக்கு எந்த ஃப்ரேம் முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று சொல்லத் தொடங்கினேன். ஒரு அம்மாவிடம் உங்கள் மூக்குக்கு இது தாங்காது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் வாங்காமலே போய்விட்டார். முதலாளி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, உன் அக்காவிடம்தான் சொன்னார்.

அன்று பஸ்ஸில் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு கேட்டாள். "உங்களுக்குக் காய்ச்சல் வந்தா எனக்கும் லீவா? உங்களுக்குப் பல்லு வலின்னா நான் வேலையை விடணுமா?"

"எனக்குப் பல்லு வலியே வராதே" என்றேன்.

"வரும்" என்றாள்.

மறுநாள் நேரே டிப்போவுக்குப் போனாள். விதிப்படி நானும்தான் போனேன். டிப்போ மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. நாற்காலிக்கு வழி விட்டு மேஜையைத் தன் கையாலேயே நகர்த்தினார். "எங்களுக்கு உங்க உயிர்தாம்மா முக்கியம்" என்றார்.

"எனக்கும் அது முக்கியம்தான் சார். அதோட எனக்கு ஒரு வேலையும் இருக்கு. புகை வந்தப்போ உங்க ஆளுங்களுக்கு என்னை எப்படி இறக்குறதுன்னு தெரியலை. அதுக்கு என் வீட்டுக்காரரை ஏன் தண்டிக்கிறீங்க?"

நான் தண்டனை அனுபவிப்பதாக அவள் சொன்னது எனக்கே புதுச் செய்தியாக இருந்தது. பேசிப் பேசிக் கடைசியில் மேனேஜர் ஒரு வழிக்கு வந்தார். ஒரு பஸ்ஸை நிறுத்தி, புகை விட்டு, ஒத்திகை பார்ப்பது. நாற்காலியில் இருப்பவரைத் தன் ஆட்கள் ஒழுங்காக வெளியே கொண்டுவந்துவிட்டால் அந்த விதியை எடுத்துவிடுவது. முடியாவிட்டால் விதி விதிதான். உன் அக்கா தனியாக வேலைக்குப் போகும் பாக்கியம் அந்த ஒரு ஒத்திகையில்தான் இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் வந்தார். கழுத்தில் விசில் தொங்கும், மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை அதை வாயில் வைத்து எடுப்பார். டிப்போவில் அவருக்கு விசில்காரர் என்றே பெயர். அவர் சொன்ன முதல் விஷயம், ஊனம் உள்ளவர்களை வைத்து ஒத்திகை நடத்துவது ஆபத்து, ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது, ஆகவே நல்ல உடம்புக்காரர்கள் நடிக்க வேண்டும். நாற்காலியில் உட்கார யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். என் கை தானாகவே மேலே போய்விட்டது. உன் அக்கா அதைக் கீழே இழுத்தாள், அதற்குள் விசில்காரர் பார்த்துவிட்டார்.

இருந்த சில நாட்களில் அவளுடைய பழைய நாற்காலியை எடுத்து வீட்டுக்குள்ளேயே பழகினேன். நாம் பார்க்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது, மச்சான். சமையலறை வாசலில் இரண்டு பக்கமும் விரலைத் தேய்த்துக்கொண்டேன். கட்டில் காலில் மாட்டிக்கொண்டு முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் கூப்பிட்டேன். உன் அக்கா தன் நாற்காலியில் வந்து என்னை விடுவித்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாள். "நடிக்க வேணாம், சும்மா உட்காந்திருங்க, அது போதும்" என்றாள். அதைத்தான் நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஒத்திகை. டிப்போவின் பின்பக்கத் திடலில் ஒரு பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். பார்வையில்லாதவராக நடிக்க ஒரு டிக்கெட் பரிசோதகர் கறுப்புக் கண்ணாடி போட்டு வந்திருந்தார். போட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தில் மணி பார்த்தார். காது கேட்காதவராக ஒரு மெக்கானிக். விசில்காரர், "காது கேக்காதவர் யாருப்பா?" என்று கேட்டதும், "நான்தான் சார்" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார். உன் அக்கா ஓரத்தில் ஷெட் நிழலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மேடை நாடகத்துக்குப் புகை விடும் எந்திரத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நாடகத்தில் மேகம் மாதிரி வருவது அதுதான். மூடிய பஸ்ஸுக்குள் அது மேகம் மாதிரி வரவில்லை. எனக்கு என் முழங்காலே தெரியவில்லை. டிரைவர் சட்டப்படி எஞ்சினை அணைத்தார், சரிவுப் பலகை படுத்தது. கையால் பிரிக்க அதில் ஒரு வார் உண்டு. யாரோ தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று அதன் மேலேயே ரப்பர் விரிப்பை ஒட்டிவைத்திருந்தார்கள். கண்டக்டரும் இன்னொருவரும் உள்ளே பாய்ந்து வந்தார்கள். என் இடுப்புப் பெல்ட்டை அவர்களுக்கு அவிழ்க்கத் தெரியவில்லை, நானே அவிழ்த்துக் கொடுத்தேன். என்னைப் பிடித்துப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார்கள். பிறகு நாற்காலியை மடக்கி, தலைக்கு மேல் தூக்கி, ஒரு கீறல் இல்லாமல் வெளியே கொண்டுபோய் நிழலில் நிறுத்தினார்கள். வெளியே கை தட்டினார்கள். உள்ளே நான் இருமிக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட யாரும் வருவதாகத் தெரியவில்லை. மூச்சு முட்டியது. எழுந்து நடந்து இறங்கி வந்துவிட்டேன்.

விசில்காரர் விசில் ஊதினார். "பிரமாதம்" என்றார். இவ்வளவு சீக்கிரத்தில் ஒரு நாற்காலிப் பயணியை எந்த டிப்போவிலும் இறக்கியதில்லை என்றார். மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, விதி இன்றோடு போச்சு என்று வாயாலேயே சொல்லிவிட்டார். ஜெயித்துவிட்டோம். நான் வேர்த்து விறுவிறுத்து, புகை நாற்றத்தோடு, வாயெல்லாம் பல்லாக உன் அக்காவிடம் ஓடினேன்.

"நீங்க நடந்து வந்தீங்க" என்றாள்.

"அதனால என்ன, ஜெயிச்சாச்சு. திங்கட்கிழமையிலேருந்து நீ தனியாவே போலாம்."

"அடுத்த தடவை நிஜமா புகை வந்தா நானும் நடந்து வரணுமா?"

கெஞ்சினேன். கிடைத்ததை வைத்துக்கொள்வோம், நாம் ஒன்றும் சொல்ல வேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவள் காதில் சொன்னேன். அவள் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மேனேஜரிடம் போய்விட்டாள். தோற்றால் வேலைக்குத் தனியாகப் போகும் வாய்ப்பு போய்விடும் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போனாள். அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கோபமும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

"சார், உங்க ஆளுங்க நாற்காலியைத்தான் காப்பாத்தினாங்க. ஆளை விட்டுட்டாங்க. இப்ப என்னை வெச்சுப் பண்ணுங்க."

விசில்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அதெல்லாம் ரிஸ்க்மா" என்றார்.

"தினமும் ஓடுற பஸ்ஸுல வர்றேன். அப்ப இல்லாத ரிஸ்க்கு நிறுத்தி வெச்ச பஸ்ஸுல எங்கேருந்து சார் வரும்?"

மேனேஜர் விசில்காரரைப் பார்த்தார், விசில்காரர் தரையைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்கள். உன் அக்கா உள்ளே போனாள். புகை வந்தது. நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். கண்டக்டரும் அந்தக் காது கேட்காத மெக்கானிக்கும் உள்ளே போய், நாற்காலியின் கைத்தாங்கியைப் பிடித்துத் தூக்கினார்கள் போலிருக்கிறது, அது கழன்று மெக்கானிக் கையோடு வந்துவிட்டது. புகைக்குள்ளிருந்து உன் அக்காவின் குரல் கேட்டது, கடையில் லென்ஸ் நம்பர் சொல்வதுபோல நிதானமாக. "அது கழட்டுறதுக்குன்னே வெச்சது. விடுங்க. முதல்ல என்கிட்ட கேளுங்க, எப்படித் தூக்கணும்னு. நாற்காலி இங்கயே கிடக்கட்டும். ஒருத்தர் பின்னாடி வந்து அக்குளுக்குக் கீழே கை கொடுங்க. இன்னொருத்தர் முழங்காலுக்குக் கீழே பிடிங்க. நான் சொன்னதும் ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கணும்."

அவர்கள் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கெடுத்தது நான். புகையில் அவள் இருமினாள், ஒரே ஒரு தடவைதான். அந்த இருமலைக் கேட்டதும், அன்றைக்கு நான் வீட்டில் தினத்தாள் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் அந்தத் தரையில் நகர்ந்து வந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் நடப்பதுபோல் இருந்தது. "அவ தோளைப் பிடிக்காதீங்க, வலது தோள் வலிக்கும் அவளுக்கு" என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தேன். நாற்காலிச் சக்கரத்தில் கால் மாட்டி, நடைபாதைக்குக் குறுக்கே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். எழ முடியவில்லை. இப்போது யாரும் வெளியே போக முடியாது. அந்த நேரத்தில்தான் உன் அக்கா கத்தினாள், வீடியோவில் நீ கேட்டது அதுதான். ஆபத்தில் போட்ட கூச்சல் இல்லை அது. "முதல்ல அவரை வெளிய எடுங்க, அவர்தான் வழியை அடைச்சுக்கிட்டுக் கிடக்குறார்" என்று சொன்னாள். விசில்காரர் கைப்பிடி வைத்த கனத்த துணி ஒன்று கொண்டுவந்திருந்தார், அவசரத்தில் ஆளைப் போட்டு இழுக்க. அதன் முதல் பயனாளி நான். தராசு சோதித்து ஓய்வு பெற்றவனைப் பார்த்து, "என்ன கனம் கனக்குறாருய்யா" என்று அவர்கள் சொன்னதை மட்டும் வீடியோ எடுத்தவர் பதிவு செய்யாமல் விட்டது என் அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு உன் அக்கா வந்தாள். இரண்டு பேர் கைகளில், புடவை கலையாமல் வந்து, தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பாதியை எடுக்காமல் வீடியோக்காரர் நிறுத்திவிட்டார், உனக்கு வந்த வினை அதுதான்.

ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்று விசில்காரர் முகம் சுளித்தார். மேனேஜர் தயங்கினார். "முதல் தடவை சட்டுனு முடிஞ்சுது, இப்ப இவ்வளவு நேரம். நான் எதைம்மா கணக்குல எடுத்துக்கிறது?"

"முதல் தடவை வந்தவருக்கு நடக்கத் தெரியும் சார். இப்ப வந்தது நான்" என்றாள் உன் அக்கா, தரையில் உட்கார்ந்தபடியே. "லேட்டுதான். ஆனா வந்துட்டேன். அந்த விரிப்பை வெட்டிட்டா இன்னும் சீக்கிரம் வருவேன்."

மெக்கானிக் கத்தியை எடுத்து, சரிவுப் பலகைமேல் ஒட்டியிருந்த ரப்பர் விரிப்பை அங்கேயே வெட்டி எடுத்தார். வார் தெரிந்தது. இழுத்தார், பலகை பிரிந்து தரையில் உட்கார்ந்தது. மூன்றாவது முறையாகப் புகை விட்டார்கள். இந்தத் தடவை கறுப்புக் கண்ணாடிப் பரிசோதகர் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றார், மேனேஜரின் உத்தரவாம். எஞ்சின் அணைந்தது, கண்டக்டர் வாரை இழுத்தார், உன் அக்கா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "கையை எடுங்க, பின்னாடி மட்டும் நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தானே உருட்டிக்கொண்டு இறங்கினாள். புகையிலிருந்து முதலில் சக்கரம் தெரிந்தது, அப்புறம் அவள். யாரும் கை தட்டவில்லை. மேனேஜர் மட்டும், "சரிம்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மச்சான். புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

விதி போய்விட்டது. எல்லா பஸ்ஸிலும் விரிப்பை வெட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதைக்கு உன் அக்கா போகும் வழியில் ஓடுபவற்றில் மட்டும் வெட்டியிருக்கிறார்கள், மற்றதை அவள் டிப்போவுக்குப் போய்க் கேட்டுக்கொண்டே இருப்பாள் என்று அவர்களுக்கும் தெரியும். மாதா மாதம் ஒத்திகை வைப்பார்களாம், இனி நடிகர்கள் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். கறுப்புக் கண்ணாடி வாங்கக் கடைக்கு வரும் பார்வையில்லாத நண்பர் ஒருவரைக் கேட்டிருக்கிறாள். அவர், "புகையில எனக்கு என்னம்மா புதுசா கஷ்டம், நான்தான் உங்க விசில்காரரைக் கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வரணும்" என்றாராம்.

ஆகவே மச்சான், காரைக் கொண்டுவந்து அவளைக் கூட்டிப்போகும் எண்ணத்தை விட்டுவிடு. நாளை திங்கட்கிழமை அவள் தனியாக வேலைக்குப் போகிறாள். புகை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், இப்போது அவர்களுக்கும் தெரியும். என்னைப் பற்றியும் கவலைப்படாதே. எனக்குப் பயம் சுத்தமாகத் தெளிந்துவிட்டது. அவளை வாசல் வரை வழியனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, நிம்மதியாகத் தினத்தாள் படிக்கப்போகிறேன். நீயும் உன் அக்காவை அவள் போக்கில் விடப் பழகிக்கொள், வயதில் மூத்தவன் சொல்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவரின் அன்பும் ஆசியும். உன் இரத்த அழுத்தத்துக்கு என் தனிப்பட்ட விசாரிப்பு.

இப்படிக்கு,
முழங்கையில் மருந்து தடவிய நிலையில்,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. காலையில் அவள் கிளம்பிய பிறகு, விரிப்பை ஒழுங்காக வெட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக மட்டும், அடுத்த நிறுத்தத்துக்குக் குறுக்கு வழியில் ஓடிப்போய் அதே பஸ்ஸில் ஏறினேன். பின் வாசலில்தான் ஏறினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார், சனிக்கிழமை ஒத்திகையில் இருந்த அதே டிரைவர். பஸ்ஸை எடுக்கவில்லை. எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க, "சார், அவசர நேரத்துல வழியை அடைக்கிறவங்களைத் தனியா ஏத்த முடியாது. உங்களுக்குத் துணைக்கு யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார். முன்னாலிருந்து உன் அக்கா நாற்காலியைத் திருப்பினாள். "நான்தான் துணைக்கு வந்திருக்கேன், வண்டியை எடுங்க" என்றாள். கடை வரைக்கும் என் கையை அவள் விடவில்லை. அங்கே இறங்கியதும் எதிர்ப்பக்கம் திரும்பும் பஸ்ஸில் என்னை ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்து, எந்த நிறுத்தத்தில் இறக்கிவிட வேண்டும் என்று கண்டக்டரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.